பாதி அறிக்கையை மட்டும் நம்பலாமா?

உடல்நலம்: வாசகர் கேள்வி – பதில்

பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் அண்மையில் வந்த கடிதங்களில் பல, தடுப்பூசியின் பாதுகாப்பைப் பற்றி அரசாங்கம் தரும் தகவலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் பேரனுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசிக்குக் கிளினிக்கில் தேதி கொடுத்திருக்கிறார்கள். மருமகன் வேண்டாம் என்கிறார். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்த ஒரு செய்தியைக் காட்டி, தடுப்பூசிக்குப் பிறகு பக்க விளைவு வந்ததாக ஆயிரக்கணக்கான புகார்கள் இருப்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது என்கிறார். ஊசி பாதுகாப்பானது என்றும் அதே அரசாங்கம்தானே சொல்கிறது என்று கேட்டால், அது மருந்துக் கம்பெனி காசு கொடுத்துச் சொல்ல வைத்தது என்கிறார். எதை நம்புவது ஐயா?
— ஒரு பாட்டி, பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: அம்மா, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு தகப்பன் பயப்படுவதில் குற்றமில்லை. அந்தப் பயத்தை வீட்டில் யாரும் கேலி செய்ய வேண்டாம். ஆனால் அவர் கையில் இருக்கும் இரண்டு செய்திகளும் எங்கிருந்து வந்தன என்பதை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். பக்க விளைவுப் புகார்களைத் திரட்டுவது என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு. சுகாதார அமைச்சின் கீழ் பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் அந்த அமைப்புக்கு அரசாங்க மருத்துவமனை, தனியார் டாக்டர், மருந்துக்கடைக்காரர், பொதுமக்கள் என எவரும் புகார் அனுப்பலாம். அங்கே பதிவாகும் புகார்கள், உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கும், சுவீடனின் உப்சாலா நகரிலுள்ள மையத்துக்கும் போகின்றன. மலேசியா 1990 முதல் அந்த ஏற்பாட்டில் உறுப்பு நாடு. ஊசி பாதுகாப்பானது என்ற முடிவும், இந்தப் புகார்களை இதே அதிகாரிகள் பரிசீலித்த பிறகு வருவதுதான்.

ஆக, உங்கள் மருமகன் ஓர் அலுவலகத்தின் அறிக்கையில் ஒரு பாதியை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, மறுபாதியைக் காசுக்கு எழுதியது என்று தள்ளுகிறார். காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்கள், கம்பெனிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரும் அந்த முதல் பாதியை எதற்காகத் திரட்ட வேண்டும், எதற்காக வெளியிட வேண்டும்? ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிய காலத்தில் நிறுவை கூடிய நாளில் தராசு சரி, குறைந்த நாளில் தராசு கோளாறு என்று யாரும் கணக்கெழுதும் கிராணியிடம் வாதாடியதில்லை. தராசு கோளாறு என்றால் இரண்டு நாள் நிறுவையும் செல்லாது.

புகார்களின் எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊசி போட்ட பிறகு நடந்தது எதுவானாலும் புகாராக ஏற்றுக்கொள்ளப்படும். ஊசியால்தான் நடந்தது என்று நிரூபித்துவிட்டு வரச் சொன்னால், புதிதாகத் தலைகாட்டும் ஆபத்து எதுவும் யார் கண்ணிலும் படாது. அமெரிக்காவில் 1990 முதல் இயங்கும் இதே போன்ற பதிவேட்டில், ஊசி போட்டதும் தான் சித்திரக்கதையில் வரும் பச்சை ராட்சதனாக மாறிவிட்டதாக ஒரு டாக்டர் சோதனைக்காக எழுதி அனுப்பினார். அதுவும் பதிவாயிற்று. பின்னர் அதிகாரிகள் அவரைத் தொடர்புகொண்டு, அவருடைய சம்மதத்தோடு அதை நீக்கினார்கள். எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு சலித்தெடுக்கும் இடம் அது. அங்கிருக்கும் மொத்த எண்ணிக்கையை மட்டும் எடுத்துப் புலனத்தில் போடுகிறவர், எத்தனை பேருக்கு ஊசி போடப்பட்டது என்பதையும் போட வேண்டும். நம் நாட்டில் கோவிட் ஊசி மட்டுமே 7 கோடி தடவைக்கு மேல் போடப்பட்டிருக்கிறது. ஊசி போடாவிட்டாலும் அந்த மாதங்களில் சிலருக்கு மாரடைப்பு வந்திருக்கும், சிலருக்குப் பக்கவாதம் வந்திருக்கும். வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்ததா, ஊசிக்குப் பின் குறிப்பிட்ட சில நாட்களில் குவிந்து வந்ததா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இனி உங்கள் பேரனின் ஊசிக்கு வருவோம். அதற்குப் பக்க விளைவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். காய்ச்சலும் தடிப்பும் வரலாம். ஏறக்குறைய 3,000 முதல் 4,000 ஊசிக்கு ஒன்று என்ற அளவில் காய்ச்சலோடு வலிப்பு வரலாம், பார்ப்பவர் நெஞ்சைப் பதற வைக்கும் அந்த வலிப்பு பெரும்பாலும் பாதிப்பு எதையும் விட்டுச் செல்வதில்லை. கடுமையான ஒவ்வாமை ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒருவருக்கு வரும். தட்டம்மை வந்தாலோ, ஏறக்குறைய 1,000 பேரில் ஒருவருக்கு மூளை வீக்கம் வருகிறது. எதிர்ப்புச் சக்தி இல்லாமல் நோயாளியின் அருகில் இருக்கும் 10 பேரில் 9 பேரை அது பிடித்துக்கொள்ளும். இந்தக் கணக்குகள் எல்லாமே சுகாதார அதிகாரிகள் தருபவைதான். முதல் மூன்றையும் நம்புகிறவருக்குக் கடைசி இரண்டையும் தள்ளிவிட வழியில்லை.

இந்த ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சையும் உங்கள் மருமகன் எடுக்கக்கூடும். 1998இல் இங்கிலாந்தின் லான்செட் மருத்துவ இதழ், 12 பிள்ளைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையை வெளியிட்டது. 'உலகப் புகழ் பெற்ற இதழிலேயே வந்திருக்கிறது' என்று இன்றும் அதைக் காட்டுகிறார்கள். அதே இதழ் 2010இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுதியவருடைய மருத்துவப் பதிவும் அதே ஆண்டில் பறிக்கப்பட்டது. 1998இல் நம்பத் தகுந்ததாக இருந்த இதழ் 2010இல் மட்டும் விலைபோய்விட்டது என்பது நியாயமான பேச்சல்ல. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்விலும், ஊசி போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடுதலாகக் காணப்படவில்லை.

தட்டம்மை இப்போது எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டால், கிளந்தானில் குவா மூசாங் பக்கம் உள்ள குவாலா கோ கிராமத்தைச் சொல்லுங்கள். 2019இல் அங்கே பாத்தேக் பூர்வகுடி மக்கள் அடுத்தடுத்து இறந்தபோது, காரணம் தட்டம்மை என்று சோதனையில் தெரியவந்தது. ஊசி சரியாகப் போய்ச் சேராத ஊர் அது. நம் ஊரில் ஊசியை எடுத்துக்கொண்டு கிளினிக் காத்திருக்கிறது.

கேள்வி: நான் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தவள். பராகுவாட் என்ற களைக்கொல்லியை அடித்து என் நகங்கள் விழுந்திருக்கின்றன, மூக்கில் ரத்தம் வந்திருக்கிறது. சொன்னபடி பயன்படுத்தினால் ஆபத்தில்லை என்றுதான் அன்றும் சொன்னார்கள். அதிகாரிகள் சொல்வதை இப்போது மட்டும் நம்பச் சொல்கிறீர்களா?
— ஓய்வு பெற்ற தொழிலாளி, புக்கிட் ரோத்தான்

பதில்: அம்மா, உங்கள் சந்தேகம் உங்கள் உடம்பால் சம்பாதித்த சந்தேகம். அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு உரிமையில்லை. 2002இல் பூச்சிக்கொல்லி வாரியம் பராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக முடிவெடுத்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் முதுகில் பம்பைச் சுமந்தவர்கள் நம் பெண்கள். கையுறை, முகக்கவசம், நீண்ட காலணி எல்லாம் போட்டுக்கொண்டால் ஆபத்தில்லை என்று தாளில் எழுதுவது எளிது. நண்பகல் வெயிலில் செம்பனைக் காட்டுக்குள் அவற்றைப் போட்டுக்கொண்டு நடக்க முடியுமா, கிழிந்த கையுறைக்கு மாற்று கிடைத்ததா என்று எழுதியவர் கேட்டிருக்க வேண்டும். பல தோட்டங்களில் காயத்தைப் பார்த்து மருந்து போட்டவரும், நாளைக்கு வேலைக்குப் போகலாம் என்று சொன்னவரும் நிர்வாகத்திடம் சம்பளம் வாங்கிய ஒரே மனிதராக இருந்தார். உங்கள் புகார் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

ஆனால் அந்த அனுபவத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டு தடுப்பூசியைப் பாருங்கள். பராகுவாட் விஷயத்தில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. சுவீடன் அதை எதிர்த்து வழக்குப் போட்டது. 2007 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் அதற்குக் கொடுத்திருந்த அனுமதியை ரத்து செய்தது. நம் அதிகாரிகள் ஒன்று சொல்ல, நம்மோடு எந்த லாப நட்டமும் இல்லாத நாடு வேறொன்று சொன்னது. அப்படி ஒரு வேறுபாடு தெரிந்தால், நீங்கள் சந்தேகப்படுவது முழுக்கச் சரி. தட்டம்மை ஊசியில் அத்தகைய வேறுபாடு இல்லை. ஒன்றோடொன்று பகை பாராட்டும் அரசாங்கங்கள்கூடத் தங்கள் பிள்ளைகளுக்கு அதைப் போடுகின்றன. டென்மார்க் பிள்ளைகளின் கணக்கை எழுதியவர்களுக்கு நம் சுகாதார அமைச்சோடு எந்த உறவும் கிடையாது. உள்ளூர் அதிகாரியின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து முடிவெடுக்கச் சொன்னால், உங்களைப் போலவே நானும் தயங்குவேன்.

கேள்வி: 2021இல் என் மகனுக்கு இரண்டாவது கோவிட் ஊசி போட்ட மூன்றாம் நாள் நெஞ்சு வலி வந்தது. அப்போது அவனுக்கு வயது 22. கிளினிக்கில் காட்டியபோது, ஊசியால் அப்படியெல்லாம் வராது, முகநூலைப் பார்த்துப் பயப்படாதே என்று அனுப்பிவிட்டார்கள். சில நாட்களில் வலி போய்விட்டது. ஆனால் அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் எந்த ஊசியும் போட்டுக்கொள்வதில்லை.
— ஒரு தகப்பன், ஈஜோக்

பதில்: ஐயா, உங்கள் மகனுக்குப் போட்டது எம்.ஆர்.என்.ஏ. வகை (பைசர் போன்ற) ஊசியாக இருந்தால், அன்று உங்களுக்குச் சொல்லப்பட்ட பதில் தவறு. அதிகாரப்பூர்வத் தகவலின்படியே அது தவறு. அந்த வகை ஊசிக்குப் பின், குறிப்பாக இரண்டாவது ஊசிக்குப் பின், இளம் ஆண்களில் மிகச் சிலருக்கு இதயத் தசை அழற்சி வரலாம் என்று 2021 ஜூன் மாதத்திலேயே அமெரிக்க அதிகாரிகள் கணக்கோடு வெளியிட்டார்கள்: 12 முதல் 29 வயதுக்குட்பட்ட ஆண்களில் 10 லட்சம் இரண்டாவது ஊசிக்கு ஏறக்குறைய 40 பேர். அந்தக் கணக்கு, பொதுமக்களும் டாக்டர்களும் அனுப்பிய புகார்களிலிருந்து எடுக்கப்பட்டது. உங்கள் மகனுக்கு வந்தது அதுதானா என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. இ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும், புகாரைப் பதிந்திருக்க வேண்டும். புலனச் செய்தியை அனுப்புகிறவர் அறிக்கையின் பக்க விளைவுப் பகுதியை மட்டும் நம்புகிறார் என்றால், உங்களை அனுப்பிவிட்டவர் பாதுகாப்பானது என்ற பகுதியை மட்டும் படித்துவிட்டு மற்றதை மூடிவைத்துவிட்டார். அதனால் ஒரு குடும்பமே எல்லா ஊசியையும் விட்டு விலகிவிட்டது. ஊசி போடும் அறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

புகார் கொடுக்க நீங்கள் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. என்.பி.ஆர்.ஏ.வின் பாரத்தில் கேட்பது இவ்வளவுதான்: எந்த ஊசி, எந்தத் தேதி, என்ன அறிகுறி, எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, வேறு என்ன மருந்து சாப்பிட்டார், இப்போது எப்படி இருக்கிறார். ஊசி மருந்தின் தொகுப்பு எண்ணையும் கேட்பார்கள். பிள்ளைகளுக்குப் போட்ட ஊசியென்றால் கிளினிக் புத்தகத்தில் தேதிக்குப் பக்கத்திலேயே, மிஸ்ஸியின் கையெழுத்துக்கு அருகில் அந்த எண்ணைக் குறித்திருப்பார்கள். ஒரே தொகுப்பைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து புகார் வந்தால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த எண்.

இப்படிப்பட்ட புகார்களால் தடுப்பு மருந்துகள் நிறுத்தப்பட்டும் இருக்கின்றன. அமெரிக்காவில் ரோட்டாஷீல்டு என்ற வயிற்றுப்போக்குத் தடுப்பு மருந்து 1998 ஆகஸ்டில் அனுமதி பெற்றது. குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வதாக 15 புகார்கள் சேர்ந்ததுமே 1999 ஜூலையில் அதை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். அக்டோபரில் கம்பெனியே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏறக்குறைய 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு வந்த பாதிப்பு அது. அஸ்ட்ராஜெனெகா ஊசிக்கும் அரிதான ரத்தக்கட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2021 ஏப்ரல் 7ஆம் தேதி அறிவித்தது. நம் நாட்டிலும் அதே மாதக் கடைசியில் அந்த ஊசியைப் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்து, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று தனியாக வைத்தார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் மே 2ஆம் தேதி பதிவு திறந்தபோது, இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான இடங்கள் சில மணி நேரத்தில் தீர்ந்துபோயின. ஆபத்தை மறைக்காமல் எடுத்துச் சொன்ன பிறகு வரிசையில் நின்றவர்கள் அவர்கள். 2024இல் 'கம்பெனி உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டது' என்று நம் குழுக்களில் சுற்றியது, மூன்றாண்டுகளுக்கு முன்பே அதிகாரிகள் வெளியிட்டிருந்த செய்திதான். கோவிட் ஊசியால் கடும் பாதிப்பு அடைந்து நீண்ட நாள் மருத்துவமனையில் இருப்பவருக்கு 50,000 ரிங்கிட் வரையிலும், நிரந்தர ஊனத்துக்கும் மரணத்துக்கும் 5 லட்சம் ரிங்கிட் வரையிலும் உதவித்தொகை என்று 2021 மார்ச் மாதத்திலேயே அரசாங்கம் அறிவித்திருந்தது. பக்க விளைவே கிடையாது என்று நினைத்திருந்தால் அதற்குப் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: கடையில் நாட்டு மருந்து வாங்கும்போது டப்பாவில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன். ஆனால் தடுப்பூசி விஷயத்தில் அரசாங்கத்தை நம்ப மனம் வரவில்லை.
— வாசகர், கோலசிலாங்கூர்

பதில்: எண் பார்த்து வாங்குவது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். மூட்டுவலிக்கென்று விற்கும் சில மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டுபிடித்து எச்சரிப்பது என்.பி.ஆர்.ஏ.தான். தடுப்பூசிக்கும் அந்தப் பதிவு எண் அங்கிருந்தே வருகிறது. தைலத்துக்கும் லேகியத்துக்கும் நீங்கள் நம்புகிற அந்தச் சோதனைக்கூடத்தை ஊசிக்கு மட்டும் நம்பாமலிருக்க உங்களிடம் தனியாக ஒரு காரணம் இருந்தால் எழுதுங்கள். வெளியிட்டுப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சபாவில் வந்த போலியோவே தடுப்பு மருந்திலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?
— ஆசிரியை, பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: உண்மை, ஆனால் பாதி உண்மை. 1992க்குப் பிறகு 2019 வரை நம் நாட்டில் போலியோ இல்லை. 2000இல் போலியோ ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டோம். 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்கு அது வந்தது. அந்த வைரஸ், வாயில் விடும் சொட்டு மருந்தில் இருக்கும் பலவீனப்படுத்தப்பட்ட வைரஸிலிருந்து மாறி வந்தது. பிலிப்பீன்ஸில் அப்போது பரவியதோடு தொடர்புடையது. சொட்டு மருந்து குடித்த பிள்ளையின் மலத்தில் அந்தப் பலவீன வைரஸ் சில வாரங்கள் வெளியேறும். சுற்றியுள்ள பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் அது அங்கேயே அடங்கிவிடும். சொட்டு மருந்தோ ஊசியோ பெறாத பிள்ளைகள் நிறைந்த இடத்தில், ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பல மாதங்கள் தாவித் தாவி, இழந்த வலிமையை அது திரும்பப் பெற்றுக்கொள்கிறது. சபாவில் அந்தப் பரவலை நிறுத்தியதும் தடுப்பு மருந்து இயக்கம்தான். 2021இல் அது முடிவுக்கு வந்தது. வைரஸ் எங்கிருந்து வந்தது என்பதைச் சோதித்து அறிவித்த அதே அதிகாரிகள், அது ஏன் பரவியது என்பதையும் சேர்த்தே அறிவித்தார்கள். நம் குழந்தைகளுக்கு இப்போது போடும் ஆறு நோய்க்கான ஊசியில் இருப்பது செயலிழந்த போலியோ வைரஸ். அது உடம்பில் பெருகாது, இப்படி மாறவும் முடியாது.

கேள்வி: பயத்தில் இரண்டு தவணைகளைத் தவறவிட்டுவிட்டோம். இப்போது போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? திட்டுவார்களா?
— ஒரு தாய், தோட்டக் குடியிருப்பு, பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். யாராவது கடுமையாகப் பேசினால், பொறுப்பில் இருக்கும் தலைமைத் தாதியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஊசி போடாமல் மட்டும் திரும்பிவிடாதீர்கள். புத்தகம் தொலைந்திருந்தால் கிளினிக்கின் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். லேசான சளி தடையில்லை. கடுமையான காய்ச்சல் இருந்தால் சில நாள் தள்ளிப்போடலாம். முன்பு எந்த ஊசிக்காவது கடும் ஒவ்வாமை வந்திருந்தாலும், பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருந்தாலும், அதை ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள். தட்டம்மை ஊசிக்கான காய்ச்சல் அன்றே வராமல், ஏறக்குறைய ஆறு முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் வரலாம் என்பதால், அந்த வாரத்தில் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விடும்போது ஆயாவிடமும் சொல்லி வையுங்கள். மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ, வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ 999ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது கிளினிக் புத்தகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.